எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு

நெடுங்கானல் மலைக்கு வர்ற டூரிஸ்ட்டுங்க எதையாவது விட்டுட்டுப் போகாம இருந்ததே இல்ல. குடை, குல்லா, ஒத்தைச் செருப்பு, மூக்குக்கண்ணாடி, பிள்ளைக்குக் கொண்டுவந்த பால்புட்டி, ஒரு தடவ ஒருத்தர் என் கடையில சோளக்கருதைக் கடிச்ச வாக்குல பல்செட்டையே அதுல பதிச்சு வச்சுட்டுப் போயிட்டாரு. அதையெல்லாம் எடுத்து வச்சிருந்து, கேட்டு வந்தா குடுத்து, வரலைன்னா நாங்களே போட்டுக்கிட்டுத் திரியிற ஊர் இது, பல்செட்டைத் தவிர. அதனால ஒரு வருஷம் சித்திரைக் கடைசியில ஒரு டூர் பஸ் ஒரு அம்மாவையே விட்டுட்டுப் போனப்ப, எங்களுக்கு அது பெரிய விஷயமாவே படல.

என் பேரு பிலோமினா. ஒண்டிப்பாறை வியூ பாயிண்ட்டுல, கம்பி போட்ட எடத்துக்கு இந்தப் பக்கம், கருது சுட்டு எலுமிச்சம்பழமும் மொளகாப்பொடியும் தேச்சு விக்கிறேன். எனக்கு வாய் ஜாஸ்தின்னு ஊர்ல பேச்சு. பனிக்குள்ள பகல் பூரா ஒத்தையில நிக்கிறவளுக்கு வாயாவது தொணைக்கு இருக்க வேணாமா, நீங்களே சொல்லுங்க.

அந்த பஸ் அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து வருஷா வருஷம் வர்றது. கோயில் கோயிலாக் கும்பிட்டுட்டு, கும்பிட்ட அலுப்புத் தீர எங்க மலையையும் ஒரு எட்டு பாத்துட்டு ஊர் திரும்புற வண்டி. மேல கேரியர்ல அண்டாவும் கேஸ் அடுப்பும் கட்டியிருக்கும், உள்ள புளியோதரை வாசமும் கொண்டை ஊசி வளைவுல எடுத்த வாந்தி வாசமும் கலந்து அடிக்கும், ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை மூக்குல வச்சுக்கிட்டுத்தான் எறங்குவாங்க. கூட்டிட்டு வர்ற மேனேஜர் பேரு சண்முகவேல், கழுத்துல விசில் தொங்கும். கெளம்புறதுக்கு முன்னால வெளிய நின்னு ஜன்னல் வழியா ஒரு தடவ, உள்ள ஏறி ஒரு தடவ, ரெண்டு தடவ ஆளை எண்ணுவாரு. எண்ணுறதுல கில்லாடி. ஆனா தலையத்தான் எண்ணுவாரு, மொகத்தைப் பாக்க மாட்டாரு; ஒரு தலைக்குக் கீழ யாரு இருக்காங்கன்னு பாத்துக்கிட்டிருந்தா எண்ணிக்கை தப்பிரும்ல.

அன்னைக்கும் அப்படித்தான் விசிலடிச்சாரு, எல்லாரும் ஓடுனாங்க, வெளிய எண்ணுனாரு, உள்ள எண்ணுனாரு, "நாப்பத்திரெண்டு, எண்ணிக்கை சரி, எடுப்பா வண்டிய"ன்னு சத்தம் குடுத்தது என் காதுலயே விழுந்துச்சு. பஸ் வளைவுல எறங்கி மறைஞ்சு, பொகையும் அடங்கி, அப்புறம் பனிக்குள்ள இருந்து ஒரு அம்மா கைப்பையை மாரோட அணைச்சுக்கிட்டு வந்து, "பஸ் எங்கங்க?"ன்னு கேட்டுச்சு.

அதுதான் தனபாக்கியம். பாறைக்குப் பின்னால ஒரு சிமிட்டிப் பெஞ்சு இருக்கு, அதுல உக்காந்திருந்திருக்கு. "கல்யாணமான நாள்ல இருந்து, யாரும் எங்கிட்ட எதுவும் கேக்காத ஒரு எடத்துல நான் உக்காந்ததே இல்லக்கா, அதான் எந்திரிக்க மனசு வரல"ன்னு பின்னால ஒரு நாள் சொல்லுச்சு. அன்னைக்கு நான், "பதறாதீங்கம்மா, மொத வளைவுலயே பக்கத்து சீட்டு காலியா இருக்குன்னு உங்க வீட்டுக்காரர் பாத்துருவாரு, திரும்பி வந்துருவாங்க"ன்னு சொல்லி அடுப்புக்கிட்ட உக்கார வச்சேன். கருது தீந்துச்சு, கரி தீந்துச்சு, பஸ் வரல. அந்தம்மா போன் வீட்டுக்காரர் பையில இருந்துச்சு, மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பர் வீட்டு நம்பர். வீட்டுக்கு அவங்க போய்ச் சேரட்டும்னு எங்கூடவே ராத்தங்க வச்சு, விடிஞ்சதும் என் போன்ல அடிச்சுக் குடுத்தேன்.

எடுத்தது தனபாக்கியம்.

"அலோ, யாரு?"ன்னுச்சு அந்தக் குரல், நானும் காதை வச்சுக் கேட்டேன், இதே குரல்தான். "நாந்தான்"னுச்சு இது. "நாந்தான்னா யாரு?" "தனபாக்கியம்." அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருள்ற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "அடுப்புல பால் பொங்குது, பெறகு பேசுங்க"ன்னு வச்சிருச்சு. மறுபடி அடிச்சா வீட்டுக்காரர் ராமசுப்பு எடுத்தாரு. "ஏங்க, நான் மலையிலயே இருக்கேங்க, என்னைய விட்டுட்டுப் போயிட்டீங்க"ன்னு இது அழுதுச்சு. "எம் பொண்டாட்டி அடுப்படியில நிக்கிறா, நம்பரைப் பாத்துப் போடும்மா"ன்னு அவரு வச்சுட்டாரு.

அன்னைக்கே ஊருக்குள்ள சேதி பரவிருச்சு. ஏட்டையா வந்து விசாரிச்சுட்டு, "காணாமப் போனாத்தான் கம்ப்ளெய்ண்ட் எழுத முடியும், இந்தம்மாதான் வீட்டுல இருக்காங்களே"ன்னு தொப்பியை மாட்டிக்கிட்டுப் போனாரு. டீக்கடை மொய்தீன் பாய்தான் ஊருக்கே புரியிற மாதிரி சொன்னாரு. "எண்ணுறப்ப ஒண்ணு கொறஞ்சா மலைக்குத்தானே கெட்ட பேரு? நாளைக்கு எவன் ஏறி வருவான்? அதான் மலையே இன்னொண்ணைப் போட்டு நெரப்பி அனுப்பிருச்சு." எல்லாரும் அதானேன்னு தலையாட்டிட்டு அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிட்டோம். பனி வர்றதுக்கும் போறதுக்கும் காரணம் கேக்காத ஊருக்கு, இதுக்கு மட்டும் என்ன காரணம் வேண்டிக்கெடக்கு?

எங்க பிரச்சினையெல்லாம் வேற. அந்தம்மாவை டூரிஸ்ட்டுன்னு வைக்கிறதா, ஊர்க்காரின்னு வைக்கிறதா? எங்க ஊர்ல ரெண்டு டீ உண்டு. டூரிஸ்ட்டுக்கு தண்ணியா ஏலக்காய் வாசத்தோட ஒண்ணு, எங்களுக்குக் கெட்டியா நாக்குல நிக்கிற மாதிரி ஒண்ணு. கொஞ்ச நாள் பாய் ஏலக்காய் டீயே குடுத்துக்கிட்டிருந்தாரு, ஒரு நாள் ஒண்ணும் சொல்லாம கெட்டி டீயை நீட்டுனாரு, அதைக் குடிச்சுட்டு அந்தம்மா தேம்பித் தேம்பி அழுதுச்சு, இனிமே ஊர் திரும்ப மாட்டோம்னு தோணிருச்சாம். ஜீப்காரங்க சும்மா இருப்பாங்களா, "அடுத்து விட்டுப்போனம்மா பாயிண்ட்"டுன்னு கூட்டிட்டு வந்து காட்ட ஆரம்பிச்சாங்க; கூட்டங் கூட்டமா வந்து பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிட்டு, "நெசமாவே நீங்கதானா?"ன்னு கேப்பாங்க. "இல்ல, எங்கக்கா மக"ன்னு தனம் எரிஞ்சு விழும்.

கோவம்னா அப்படி ஒரு கோவம். குதிரையைக் குச்சியால அடிச்சவன் கையில இருந்து குச்சியைப் பிடுங்கி பள்ளத்துல எறிஞ்சுச்சு. கம்பி மேல ஏறி செல்ஃபி எடுத்த புதுமாப்பிள்ளையை காதைப் பிடிச்சு எறக்குச்சு. பொண்டாட்டி கையில பிள்ளை, பை, தண்ணிக்கேன் அம்புட்டையும் குடுத்துட்டு வெறுங்கையை வீசிக்கிட்டு வந்த ஒரு ஆளை நடுரோட்டுல நிறுத்தி, "கை என்னய்யா, அழகுக்கா வச்சிருக்க?"ன்னு கேட்டுச்சு பாருங்க, அந்தாளு பிள்ளையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு விறுவிறுன்னு நடந்துட்டாரு. ஊரே தனத்துக்குப் பயப்பட்டுச்சு, ஊருக்கே தனத்தைப் பிடிச்சும் போச்சு. எனக்கும்தான். ராத்திரி தட்டு ரெண்டு வைக்கிறதுன்னா சும்மாவா.

ஆனா டூர் பஸ் வர்ற சத்தம் கேட்டா போதும், அந்தக் கோவமெல்லாம் எங்க போகுமோ. மொகத்தைக் கழுவி, தலையைச் சீவி, பொட்டை நேராக்கி, கம்பிக்கிட்டப் போயி நிக்கும். எறங்குற ஒவ்வொரு மொகமா பாக்கும், படியில கடைசி ஆள் எறங்கி, டிரைவரும் எறங்கி, கதவை அடைக்கிற வரைக்கும் பாக்கும், அப்புறம் வந்து எம் பக்கத்துல உக்காந்து கருதோட தோலை உரிக்கும்.

ஊர்ல சேந்து, "நாங்க டிக்கெட் எடுத்துத் தர்றோம், கவர்மெண்ட் பஸ்ல ஏறிப் போங்கம்மா, போயி நேருல நில்லுங்க"ன்னு சொல்லிப் பாத்தோம். "போயி? அங்க ஒருத்தி நிக்கிறால்ல, நான் போனா ரெண்டாவது ஆளு. யாரு அசலுன்னு நான் சாட்சி கூட்டிட்டா போறது?"ன்னுச்சு. "என்னைய ஒருத்தர் தேடணும்க்கா. பெத்த பிள்ளைங்க வேணாம், கட்டுனவரு வேணாம், தெருவுல பூ விக்கிறவளாவது, 'இது தனம் இல்லையே, தனம் எங்க?'ன்னு ஒரு வார்த்தை கேட்டுருக்கணும். கேட்டாங்கன்னு தெரிஞ்சா அடுத்த பஸ்ல போயிருவேன்."

எனக்கு அதைக் கேக்கப் பொறாமையாக்கூட இருந்துச்சு. என்னைய மறந்துட்டுப் போகவாவது ஒரு பஸ் இருந்ததுண்டா? அப்படியே நெனச்சுக்கிட்டு அடுப்பை விசிறுவேன்.

மழைக்காலம் போச்சு, கம்பளியை விட்டு வெளிய வர முடியாத மார்கழி போச்சு, திரும்ப சித்திரை வந்துச்சு, அந்த பஸ்ஸும் வந்துச்சு. அதே அண்டா, அதே விசில். ஒரு வருஷமா எந்த பஸ்ஸுக்கும் ஓடி ஓடிப் போனவ, இந்த பஸ்ஸைப் பாத்ததும் கால் நகராம என் அடுப்புக்குப் பின்னாலயே நின்னுட்டா. மொதல்ல எறங்கி வந்தது ராமசுப்புதான். காதை மூடுன குரங்குக் குல்லாவும் அதுமேல மப்ளருமா, நேரா எங் கடைக்கே வந்தாரு.

"ஒரு கருது குடும்மா. மொளகாப்பொடி கம்மியா."

தனம் கருதை எடுத்து, எலுமிச்சம்பழம் தேச்சு, மொளகாப்பொடியை லேசாத் தொட்டு நீட்டுனா. அவரு வாங்குனாரு, ஊதுனாரு, கருது சூடா இருக்கான்னு தொட்டுப் பாத்தாரு, குடுத்த கையையும் பாக்கல, மொகத்தையும் பாக்கல. "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு பனிக்குள்ள போயிட்டாரு. நான் கொள்ளிக்கட்டையை எடுத்துட்டேன், சத்தியமா, அந்தாளு குல்லாவைக் கொளுத்தியிருப்பேன், தனம்தான் என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

அப்பத்தான் அவ வந்தா. வீட்டுத் தனம். இதே மொகம், இதே நடை, மொகத்துல மட்டும் உப்பில்லாத கஞ்சி மாதிரி ஒரு அமைதி. யாரையும் வழி கேக்கல, நேரா வந்து இவ முன்னால நின்னு, "உன்னையத்தான் தேடிட்டு வந்தேன்"னா. ரெண்டு பேரும் அந்த சிமிட்டிப் பெஞ்சுல போயி உக்காந்தாங்க. நான் கடையை அப்படியே போட்டுட்டுப் பின்னாலயே போனேன். கேக்காம இருக்க நான் என்ன மகானா?

"யாராவது கண்டுபிடிச்சாங்களா?"ன்னா இவ, மொதக் கேள்வியே அதுதான்.

"இல்லடி."

"பெரியவன்?"

"வாரா வாரம் போன் பண்றான். 'சரிம்மா, வச்சிரவா'ன்னு கேக்குறான், வச்சிர்றான்."

"சின்னவ? அவளுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"பிரசவத்துக்கு வந்து மூணு மாசம் எங்கூடத்தான் இருந்தா. தெரியல." வீட்டுத் தனம் இவ பக்கமாத் திரும்பி உக்காந்தா. "எனக்குக் கோவமே வர்றதில்லடி. அவரு ரசம் சரியில்லன்னு தட்டைத் தள்ளுனாரு, வரல. உன் நாத்தனா வந்து வாய்க்கு வந்ததைப் பேசுனா, வரல. தேடித் தேடிப் பாத்தேன், அது எங்கிட்ட இல்ல. அப்பத்தான் நீ இங்க இருக்கன்னு எனக்கு ஒறைச்சுச்சு."

"கோவப்படாததைப் பாத்தாவது யாரும் சந்தேகப்படலயா?"

"சந்தோசப்பட்டாங்க. டூர் போயிட்டு வந்ததுல இருந்து தனம் ரொம்ப நல்லா ஆயிட்டான்னு தெருவே சொல்லுது."

அதைக் கேட்டதும் எந் தனம் ஒரு சிரிப்பு சிரிச்சா, அப்படியே அது அழுகையாப் போச்சு. ஒரு வருஷமா அவ அழுது நான் பாத்திருக்கேன், இப்படி அழுது பாத்ததில்ல. வீட்டுத் தனம் முந்தானையை எடுத்து அவ மூக்கைத் தொடைச்சு விட்டா. "எனக்கு நீ இல்லாம முடியலடி. வேற யாருக்கும் நீ இல்லாதது தெரியல, எனக்குத் தெரிஞ்சுச்சு, போதாதா?"ன்னா. ரெண்டு பேரும் ஒருத்தி தோள்ல ஒருத்தி சாஞ்சுக்கிட்டு பள்ளத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நேரம் போனது யாருக்குத் தெரிஞ்சுச்சு.

விசில் சத்தம் கேட்டுச்சு. நான்தான் சுதாரிச்சு எந்திரிச்சு ஓடுனேன். சண்முகவேல் வெளிய நின்னு விரலை நீட்டி ஜன்னல் ஜன்னலா எண்ணிட்டு வந்து, "நாப்பத்திரெண்டு, சரி"ன்னாரு. அட மாதாவே, எப்படி சரின்னு எட்டிப் பாத்தா, ராமசுப்பு பக்கத்துல ஜன்னலோரமா ஒருத்தி உக்காந்திருக்கா. மூணாவது. கைப்பையை மடியில வச்சுக்கிட்டு, இப்பத்தான் பொறந்த மாதிரி முழிச்சுக்கிட்டு, எதுக்கு அனுப்புறாங்கன்னு தெரியாத எடத்துக்குப் போறவ மாதிரி உக்காந்திருக்கா.

எம் பின்னால வந்த எந் தனத்துக்கு வந்துச்சு பாருங்க கோவம். பஸ்ஸோட தகரத்துல ரெண்டு கையாலயும் படபடன்னு தட்டுனா. "ஏண்டி! எறங்குடி கீழ!"

"எண்ணி முடிச்சுட்டாங்களே"ன்னா அவ, பயந்துபோய்.

"எண்ணுனா எண்ணட்டும். அங்க போயி என்ன செய்யப் போற தெரியுமா உனக்கு?"

வீட்டுத் தனம் ஜன்னல்ல கையை வச்சு, மெதுவா, "வேணாம்மா. நான் போயிட்டு வந்துட்டேன், நீ வேணாம்"னா. அவ்வளவுதான், மூணாவது எந்திரிச்சுட்டா. ராமசுப்பு குல்லாவைக் கண்ணு வரைக்கும் இழுத்துவிட்டுத் தூங்கிட்டிருந்தாரு. அவ தாண்டறதுக்கு முட்டியை மட்டும் ஒதுக்கிக் குடுத்தாரு, கண்ணைத் தொறக்கல. சண்முகவேல் முன்படியில ஏற, இவ பின்படியில எறங்குனா.

எனக்குத் திக்குன்னுச்சு. சீட்டு காலியாச்சுன்னா மலை சும்மா இருக்குமா, நாலாவதா ஒண்ணைப் போட்டு நெரப்பிரும்ல? சட்டுன்னு தலையில கட்டியிருந்த துண்டை உருவி, ஜன்னல் வழியா அந்த சீட்டுல போட்டேன். துண்டு போட்ட சீட்டுல எவரும் உக்கார மாட்டாங்க. தீபாவளிக் கூட்டத்துலகூட உக்கார மாட்டாங்க, நிக்கத்தான் செய்வாங்க. மலைக்கும் அது தெரிஞ்சிருக்கு. ஒண்ணும் வரல.

உள்ள எண்ணுன சண்முகவேல் பாதியில நின்னாரு, திரும்ப மொதல்ல இருந்து எண்ணுனாரு. "நாப்பத்தி ஒண்ணு." வேர்த்துப் போச்சு அவருக்கு. "டிரைவரே, வண்டியை அணைங்க. ஒரு ஆள் கொறையுது. யாரு இல்ல? பக்கத்துல யாரு இல்லன்னு பாருங்க எல்லாரும்." பஸ்ஸே திரும்பித் திரும்பிப் பாத்துக்கிச்சு. ராமசுப்பு கண்ணைத் தொறந்து துண்டைப் பாத்துட்டு, "யாரோ சீட்டுப் போட்டிருக்காங்க தம்பி, வந்துருவாங்க"ன்னாரு.

"சார், அது உங்க வீட்டம்மா சீட்டு."

அவரு துண்டைப் பாத்தாரு. சண்முகவேலைப் பாத்தாரு. திரும்பத் துண்டைப் பாத்து, அதைத் தூக்கி அதுக்கு அடியில பாத்தாரு, பாவம், அந்த மனுசன். அப்புறம் குல்லாவைக் கழட்டிட்டுக் கீழ எறங்குனாரு. நாங்க அதுக்குள்ள என் அடுப்புக்கிட்ட வந்துட்டோம், பனி எறங்கி எங்களை மூடிருச்சு, ஆனா அவரு நிக்கிறது எங்களுக்கு நெழலாத் தெரிஞ்சுச்சு.

"இந்தா!"ன்னாரு. வீட்டுல கூப்பிடறது அப்படித்தான் போல. "இந்தா, நேரமாச்சு!"

மூணு பேரும் அசையல. கையைக் கோத்துக்கிட்டு நின்னாங்க.

"ஏய்!" கொஞ்சம் நடந்தாரு, கம்பி வரைக்கும் போயி பள்ளத்தை எட்டிப் பாத்தாரு, திரும்பி ஓட்டமும் நடையுமா இந்தப் பக்கம் வந்தாரு, ஒரு செருப்பு கழண்டு போச்சு, அதை மாட்டக் கூட நிக்கல. "தனம்?"னாரு, அவருக்கே பழக்கமில்லாத ஒரு வார்த்தையைச் சொல்ற மாதிரி. அப்புறம் அந்தாளு தொண்டையில இருந்து அப்படி ஒரு சத்தம் வரும்னு நான் நெனைக்கவே இல்ல. "தனபாக்கியம்! எங்கம்மா இருக்க? தனபாக்கியம்!"

எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு. "போடி, கூப்பிடறாருல்ல, போ"ன்னு எந் தனத்தோட முதுகுல கையை வச்சுத் தள்ளுனேன். அவ மொகமெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு. ஆனா காலை அழுத்தி ஊனிக்கிட்டு நின்னா.

"போறேன்க்கா. போகத்தான் போறேன்"னா. "இன்னொரு வாட்டி கூப்பிடட்டும்."